வெயிலில் ஒட்டிக்கொள்ளும் பிறேக்

2024 யூன் 9, ஞாயிறு

திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோவிலுக்குப் போய்விட்டுப் பத்தரை மணிபோலத் திரும்பினேன். சைக்கிள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் நின்றிருந்தது. கோட்டைக்குள் இறங்கி வரும்போது புள்ளிமான் ஒன்று, பின்னால் அதன் குட்டியும், வீதியைக் கடக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நடுவில் நின்றன. இரண்டு பிறேக்கையும் அமத்தினேன். நின்றது. மான்கள் போய்விட்டன. பிறேக் மட்டும் விடவில்லை.

முன் பிறேக்கின் பிடி கைப்பிடியோடு ஒட்டினபடியே கிடந்தது. விரலால் வெளியே இழுத்தால் பிடி தொங்குகிறது, சில்லு சுற்றவில்லை. முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டை வாசலுக்குக் கிட்ட ஒரு மர நிழல்வரை நடந்தேன். இருபது நிமிடம் கழித்துத் தானாகவே விட்டது. வீடு வரும்வரை, சில்லோடு சுற்றுகிற பிறேக் தட்டு கீச்சென்று கத்திக்கொண்டே வந்தது. உவர்மலை ஏற்றத்தில் வழமையாக மூச்சு வாங்குவேன், இன்றைக்கு வெட்கமும் சேர்ந்துகொண்டது.

யூன் 10, திங்கள்

காலையில் ஒரு பிழையும் இல்லை. கந்தோருக்குப் போனேன். மத்தியானம் சாப்பிட வெளியே வந்து பார்த்தால் மறுபடி அதே கதை. பின் பிடியும் இப்போது சோம்பலாகத்தான் திரும்புகிறது.

2022இல் பெற்றோல் வரிசை நாட்களில், சைக்கிள் என்று எழுதி ஒட்டினாலே விலைபோன நேரத்தில், இரண்டாம் கையாக வாங்கினது இது. பிறேக் இரண்டும் ஒயிலில் வேலைசெய்பவை, ஒரே கம்பனி. மச்சானுக்குப் போன் பண்ணினேன். "கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசைப் போடு" என்றான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. கொழும்பில் விலை கேட்டால் ஒரு சோடி என் சம்பளத்தில் ஆறில் ஒன்று.

யூன் 12, புதன்

முதலில் காசு போகாத வேலைகள். தட்டை இரண்டு பக்கமும் நெரிக்கிற பாட்களைக் கழற்றினேன். பாதிக்கு மேல் இருக்கிறது, ஆனால் முகம் கண்ணாடிபோல மினுங்குகிறது. சான்ட் பேப்பரில் உரசினேன். பார்மசியில் வாங்கின ஸ்பிரிட்டால் தட்டுகளைத் துடைத்தால் துணி கறுப்பு. பாட்கள் இருக்கிற கலிப்பரின் இரண்டு போல்ட்டையும் இளக்கி, பிடியை அமத்தி வைத்துக்கொண்டே இறுக்கினேன். தட்டு நடுவுக்கு வந்தது, கீச்சுச் சத்தம் நின்றது.

அந்தச் சந்தோசம் மத்தியானம் வரைக்கும்தான். கச்சான் காற்று அனலாக வீசுகிற நாள். முற்றத்தில் அரை மணித்தியாலம் நிறுத்திவைத்து அமத்தினேன். ஒட்டிக்கொண்டது.

இதற்குப் பிறகு செய்த ஒரு வேலையை இப்போதும் மெச்சிக்கொள்கிறேன். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த தண்ணீரில் துணியை நனைத்து முதலில் கீழே கலிப்பரில் சுற்றினேன். ஐந்து நிமிடம், ஒன்றும் நடக்கவில்லை. அதே துணியை மேலே பிடியின் உடம்பில் சுற்றினேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, டிக் என்று சின்னச் சத்தம். பிடி தன் இடத்துக்குப் போய் நின்றது.

அப்ப நோய் காலில் இல்லை, கையில்.

யூன் 13, வியாழன்

ஆனாலும் ஒயிலை மாற்றிப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. உள்ளே இருந்தது ஆறிப்போன பிளேன்டீ நிறம். டொட் (DOT) என்கிற வகைப் பிறேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், நாங்கள் இருப்பதோ கடலுக்கு நடுவில். புது டொட் 4 ஆகக் குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறினதுக்கு அந்த எல்லை 155தான். டொட் 5.1 என்றால் 260உம் 180உம். வெறும் 5 என்று எழுதியிருப்பது சிலிக்கன், அதைக் கிட்டவும் கொண்டுவரக்கூடாது.

இதில் ஒரு வசதி உண்டு. டொட் 4 இங்கே எந்த மோட்டார்சைக்கிள் சாமான் கடையிலும் கிடைக்கும். இரண்டு சிரிஞ், ஒரு துண்டு ரியூப், ஒரு மணித்தியாலம். ஒரு சொட்டு முன் ஃபோர்க்கில் விழுந்ததைக் கவனிக்கவில்லை. பின்னேரம் பார்த்தால் அந்த இடத்துப் பெயின்ற் பொங்கி உரிந்திருந்தது. தண்ணீரால் உடனே கழுவியிருக்க வேண்டும்.

பிடி இப்போது கல்லுப்போல நிற்கிறது. வெயிலில் மட்டும் பழையபடி.

யூன் 16, ஞாயிறு

அனுராதபுரச் சந்திப் பக்கம் மோட்டார்சைக்கிள் திருத்துகிற நானாவிடம் கொண்டுபோனேன். கிண்ணியாவுக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். பிடியை இரண்டுதரம் அமத்திப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குப் பிளாஸ்டிக் பிஸ்டனாத்தான் இருக்கும் தம்பி. நாளைக்குப் பெருநாள். செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார்.

யூன் 18, செவ்வாய்

அவர் சொன்னதுதான். பின் பிடியைக் கழற்றி, கிளிப்பை எடுத்து, உள்ளேயிருந்ததை என் உள்ளங்கையில் தட்டிவிட்டார். ஒயிலைத் தள்ளுகிற, சின்ன விரலின் முதற் கணுவளவு கறுப்புப் பிஸ்டன், இரண்டு ரப்பர் சீல், ஒரு ஸ்பிரிங். சீலை எடுத்துவிட்டுப் பிஸ்டனை வெறுமனே துளைக்குள் விட்டார். போகவில்லை, விரலால் தள்ளத்தான் போனது. வெக்கையில் பிளாஸ்டிக் பருத்துவிடுகிறது, அலுமினியத் துளை அந்தளவுக்கு விரியாது.

ஆயிரம் நம்பர் சான்ட் பேப்பரை விரலில் சுற்றி, பிஸ்டனைச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தார். மூன்று சுற்று, துடைப்பு, துளைக்குள் விட்டுப் பார்ப்பு. திரும்ப மூன்று சுற்று. அவசரமே இல்லை. பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு பிஸ்டன் தன் பாரத்திலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சீல் உட்காரும் பள்ளத்தில் பேப்பர் படாமல் பார்த்துக்கொண்டார். ஒயிலில் தோய்த்துப் பூட்டினார்.

முன்னதையும் இப்படியே செய்து தரச் சொன்னேன். மாட்டேன் என்றார். "பின்னுக்குச் செய்து தாறன். முன்னுக்குப் புதுசு போடுங்க. இறக்கத்தில முன் பிறேக் போனா நானா வந்து பிடிக்கேலாது."

யூன் 20, வியாழன்

இரவு முழுக்கக் கணக்கு. அமத்தினால் பாரம் முன்னுக்குப் போகிறது, நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சில்லுக்குத்தான். நானா சொன்னதில் பிழையில்லை.

பிஸ்டன் மட்டும் உலோகத்தில் கிடைக்கிறதாம், வெளிநாட்டிலிருந்து எடுக்க வேண்டும். வந்து சேரும்வரை நடராசா சேர்விஸ்தான். வயர் இழுக்கிற டிஸ்க் பிறேக் போட்டால் வயர் முடுக்குக் கடையிலும் கிடைக்கும், ஆனால் கியர் வயரையே உப்புக்காற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பாட் தேயத்தேயக் கையால் வேறு இறுக்கவேண்டும். எனக்குப் பொறுமை காணாது.

கடைசியில், மினரல் ஒயிலில் ஓடுகிற ஷிமானோ பிறேக், முன்னுக்கு மட்டும் ஒன்று. மினரல் ஒயில் ஈரம் குடிக்காது, பெயின்றையும் தின்னாது. போத்தல் இங்கே கிடைக்காது என்பதுதான் குறை. பிறேக்கோடு சேர்த்தே ஒன்று எடுக்கவேண்டும். தட்டை மாற்றத் தேவையில்லை: நானாவின் வேர்ணியரில் 1.6 மில்லிமீற்றர், 1.5க்குக் கீழே போனால்தான் கழிக்கவேண்டும் என்று தட்டிலேயே பொறித்திருக்கிறது.

கொழும்புக்கு ஓடர் சொல்லிவிட்டேன். மச்சானுக்குப் பாதி வெற்றி.

யூன் 23, ஞாயிறு

கொழும்பு பஸ்ஸில் பார்சல் வந்தது. பூட்ட முக்கால் மணித்தியாலம். பிறகு உவர்மலை இறக்கத்தில் வேகம் எடுத்து அமத்துவது, முழுக்க நிறுத்தாமல் விடுவது, இப்படி முப்பது தடவை. புதுப் பாட் தட்டோடு பழகினால்தான் பிடிக்கும். பத்தாவது தடவைவரை வெண்ணெய், அதற்குப் பிறகு நகம். எதிர்வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் எட்டி, "என்ன தம்பி, ஏதும் தொலைச்சுப்போட்டீரோ?" என்று கேட்டார்.

இப்போது ஒரே சைக்கிளில் முன்னுக்கு ஒரு ஒயில், பின்னுக்கு வேறொன்று. மாறி ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். மனைவி இரண்டு போத்தலிலும் பிளாஸ்டர் ஒட்டி எழுதிவைத்தாள்: "முன்", "பின்". சிரிஞ்சுகளுக்கும் அப்படியே.

யூன் 30, ஞாயிறு

கன்னியாவுக்குப் போனேன். வெக்கையில் பிறேக் ஒட்டுகிறது என்று மூன்று கிழமை அலைந்தவன் வெந்நீர்க் கிணற்றுக்குப் போகிறான் என்று மச்சான் சிரித்தான். ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றிவிட்டு வர, சைக்கிள் நல்ல வெயிலில் நின்றது. வேண்டுமென்றுதான் அங்கே விட்டேன்.

முன் பிடி அமத்தினதும் போய், விட்டதும் வந்தது. பின் பிடியும் வந்தது, ஒரு கண்ணிமை பிந்தி. திரும்ப அமத்தினேன். இம்முறை உடனே வந்தது. மூன்றாம் தரம் மறுபடி கொஞ்சம் பிந்தியதுபோல இருந்தது. துணியை நனைத்துச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நாளைக்குக் கந்தோர் முடிய நானாவிடம் போகவேண்டும்.