மாத்திரை அலர்ஜி இல்லை, கரைப்பான் அலர்ஜி: நான் மீண்டு வந்த விதம்

உலோக உதிரிபாகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் பிரிவுக்கு என்னை மாற்றி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. முதலில் காய்ச்சல் வந்தது. பிறகு முகத்திலும் கையிலும் சிவப்புத் தடிப்பு, அது மளமளவென்று உடம்பு முழுக்கப் பரவியது. கழுத்தில் நெறி கட்டியது, வாயெல்லாம் புண். அம்மை என்றார்கள், அப்புறம் ஏதோ வைரஸ் என்றார்கள். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் பல மடங்கு ஏறியிருந்தன, ஒவ்வாமையில் கூடும் வெள்ளணு வகையான ஈசினோபில் அணுக்களும் கூடியிருந்தன. உடனே மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள்.

அங்கே வந்து பார்த்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "புதுசா என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" மருந்து ஒவ்வாமையில் கடுமையான வகை ஒன்று உண்டு. காய்ச்சல், தடிப்பு, நெறி, கல்லீரல் பாதிப்பு என்று எல்லாம் சேர்ந்து வரும். என் உடம்பு அச்சு அசலாக அதைத்தான் காட்டியது. ஆனால் நான் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை. தோல் மருத்துவர் மட்டும் கேள்வியை மாற்றிக் கேட்டார்: "கடைசி ரெண்டு மாசத்துல வேலையில என்ன மாறுச்சு?" என் வைத்தியம் சரியான பாதைக்கு வந்தது அந்தக் கேள்வியால்தான்.

தொட்டியைப் பற்றிச் சொன்னேன். சூடான கரைப்பானின் ஆவியில் பாகங்களை இறக்கி எடுப்போம், லேசான இனிப்பு வாசனை அடிக்கும் என்றேன். "வாசனையை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, பேர் வேணும்" என்றார். டிரம்மின் மேல் வணிகப் பெயர் மட்டும்தான் இருந்தது. அண்ணன் தொழிற்சாலை ஸ்டோருக்குப் போய், பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்கி வந்தார். 16 பகுதிகள் கொண்ட அந்தத் தாளில் நமக்கு முதலில் வேண்டியது 3ஆம் பகுதி. உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்பது அதில்தான் இருக்கும். என்னுடையதில் ட்ரைக்குளோரோஎத்திலீன், சிஏஎஸ் எண் (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்) 79-01-6 என்று இருந்தது. வணிகப் பெயரை எப்படி வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம். இந்த எண் மாறாது, அதனால் எண்ணையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் கிடைத்த பிறகு எல்லாம் பொருந்தி வந்தது. இந்தக் கரைப்பானால் வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் வேலையில் சேர்ந்த 2 முதல் 5 வாரங்களுக்குள் தலைகாட்டுமாம். எச்எல்ஏ-பி 13:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று சீனத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "கூட இருக்கிற எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க, உனக்கு மட்டும் எப்படி?" என்று என்னிடம் கேட்டவர்களுக்கு இதுதான் பதில். ஒவ்வாமை எல்லோருக்கும் வர வேண்டும் என்பதில்லை. காற்றில் கரைப்பானின் அளவு வரம்புக்குள் இருந்தாலும் வரும். அதே மரபணு வகை உள்ளவர்களுக்கு டாப்சோன் என்ற மருந்தும் ஆபத்து என்பதால், அதையும் என் கோப்பில் குறித்து வைத்தார்கள்.

சிகிச்சை ஸ்டீராய்டுதான். அதைத் தொடங்கியதும் காய்ச்சல் சட்டென்று விட்டுவிடும், நமக்குக் குணமாகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் பொறுமை வேண்டியது அதற்குப் பிறகுதான். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க முடியும். எனக்கு ஒருமுறை குறைத்தபோது தடிப்பும் கல்லீரல் எண்களும் திரும்ப ஏறின, மறுபடி அளவைக் கூட்டினார்கள். தோல் தாள் தாளாக உரிந்தது, ராத்திரித் தூக்கம் போனது. அந்த மாதங்களில் வீட்டில் இருந்தவர்கள் என்னைத் தாங்கியதை வார்த்தையில் சொல்ல முடியாது.

சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டி ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டை உடனே செய்யவில்லை. ஸ்டீராய்டு உடம்பில் இருக்கும்போது முடிவு தப்பாக வரும் என்று காத்திருந்தார்கள். முதுகில் ஒட்டுவதை 48 மணி நேரம் வைத்திருந்து, எடுத்ததும் ஒருமுறையும், ஓரிரு நாள் கழித்து மறுமுறையும் பார்ப்பார்கள். தொழிற்சாலைக் கரைப்பானை அப்படியே தோலில் வைத்தால் புண்ணாகிவிடும். உரிய அளவுக்கு நீர்க்கச் செய்துதான் வைக்க வேண்டும், அதனால் பழக்கப்பட்டவர்களிடம் மட்டும் போங்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது நோயைவிட, வேலைக்குத் திரும்பும் கட்டம். "மாஸ்க், கையுறை தர்றோம், அங்கேயே இருங்க" என்றார் சூப்பர்வைசர். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. மெல்லிய நைட்ரைல் கையுறை வழியாக இந்தக் கரைப்பான் நிமிடங்களில் ஊடுருவிவிடும். இதன் ஆவி காற்றைவிட நாலு மடங்குக்கும் மேல் கனமானது, கீழேதான் தங்கும். கூரை விசிறி ஓடுவதால் பெரிய பயன் இல்லை, தொட்டி விளிம்பிலேயே உறிஞ்சி எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஒருமுறை ஒவ்வாமை வந்த உடம்புக்குக் கொஞ்சம் பட்டாலே திரும்ப வந்துவிடலாம், முன்பைவிட வேகமாகவும் வரலாம்.

முதலில் கிடைத்த சான்றிதழில் "ரசாயனங்களைத் தவிர்க்கவும்" என்று மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எந்த நிர்வாகமும் எதுவும் செய்ய முடியாது, செய்யாமல் தள்ளிப்போடுவதும் சுலபம். திரும்பப் போய், கரைப்பானின் பெயர், சிஏஎஸ் எண், அது பயன்படும் கூடத்திலேயே இருக்கக் கூடாது, இந்தத் தடை நிரந்தரம் என்று வரி வரியாக எழுதி வாங்கினேன். அதன் பிறகுதான் பொருத்தும் பிரிவுக்கு மாற்றம் கிடைத்தது. இந்தக் கரைப்பான் 2012லேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்த பொருள் என்பதையும் மனுவில் சேர்த்தேன். தொட்டியில் இன்னும் வேலை பார்ப்பவர்களுக்காகவும் அந்த வரி அங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இதே சந்தேகத்தோடு இருப்பவர்கள் சிறுநீரில் ட்ரைக்குளோரோஅசெட்டிக் அமிலம் (இந்தக் கரைப்பான் உடம்புக்குள் சிதைந்து உண்டாகும் பொருள்) பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். வேலையை நிறுத்திய சில நாட்களுக்குள் பார்த்தால்தான் பயன், நாள் ஆக ஆக உடம்பிலிருந்து வெளியேறிவிடும். தடிப்பைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். தரவுத் தாளின் நகல் ஒன்று தொழிற்சாலைக்கு வெளியே, உங்கள் கையில் இருக்கட்டும்.