ஏணிக்குப் பதிலாக ஒரு பொரிப்பகம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பிக் மலைகளில் பிறந்து வடக்கே ஓடிக் கடல் சேரும் எல்வா ஆற்றைப் பற்றிப் பேசுவோர், 2011இல் தொடங்கிய அணை அகற்றலைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கோ, அந்த அணை எழுந்த காலத்தில் நடந்த ஒரு பேரம்தான் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மீன் ஏறிச் செல்ல வழி வைக்காமல் ஆற்றை மறிக்கக் கூடாது என்று அம்மாநிலத்தில் அப்போதே சட்டம் இருந்தது. ஆயினும் 1913இல் கட்டி முடிக்கப்பட்ட எல்வா அணையில் மீன் ஏணி இல்லை. அதற்கு ஈடாகச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கும் பொரிப்பகம் ஒன்றை அமைத்தால் போதும் என்று ஏற்பாடாயிற்று. அந்தப் பொரிப்பகமும் 1922இல் கைவிடப்பட்டது. ஆற்றின் மேற்பகுதியில் முட்டையிட வந்த சால்மன்கள், கடலிலிருந்து ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் தொலைவிலேயே சுவரில் முட்டி நின்றன. 1927இல் ஆற்றின் இன்னும் மேற்பகுதியில், 64 மீட்டர் உயரமுள்ள கிளைன்ஸ் கேன்யன் அணையும் வந்து சேர்ந்தது.

பொரிப்பகம் நன்றாக நடந்திருந்தாலும் அது ஆற்றுக்கு ஈடாகியிருக்காது என்பதே என் கருத்து. பெண் சால்மன் வாலால் சரளைக்கற்களை விலக்கிக் குழி பறித்து முட்டையிடுகிறது. கற்களின் இடுக்கில் ஓடும் குளிர்ந்த நீரே அம்முட்டைகளுக்கு மூச்சு. அந்தச் சரளையை அணைகள் மேலேயே பிடித்து வைத்துக்கொண்டதால், கீழே பெருங்கற்களே மிஞ்சின. மணல் வரத்து நின்றதால் கழிமுகக் கரையும் அரித்துப் போனது. தொட்டியில் முட்டை பொரிக்கலாம். சரளையை எங்கே பொரிப்பது?

அமெரிக்க நாடாளுமன்றம் 1992இல் இந்த ஆற்றை மீட்கச் சட்டம் இயற்றியபின்பும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடின. 2014க்குள் இரண்டு அணைகளும் அகற்றப்பட்டபோது, தேங்கியிருந்த சுமார் 2 கோடி கன மீட்டர் வண்டலில் பெரும்பகுதி இறங்கிவந்து கழிமுகத்தில் புதுக் கரையையே எழுப்பியது. நீர் கலங்கிக் கிடந்த அந்த ஆண்டுகளில், பிற்காலத்தில் அமைந்த வேறு பொரிப்பகங்கள் மீன்களுக்குப் புகலிடமாக உதவின என்பதை மறுக்க முடியாது. இன்றும் திரும்பி வரும் சினூக் சால்மன்களில் பெரும்பாலானவை அங்கே பிறந்தவையே. ஆனால் சால்மனின் நெருங்கிய உறவான ஸ்டீல்ஹெட்டின், அதாவது கடலுக்குப் போய்த் திரும்பும் வானவில் டிரவுட்டின், கோடைக்கால வகை வேறு கதை சொல்கிறது. அணைகளுக்கு மேலே நூறாண்டுகளாக அடைபட்டு, கடலையே காணாமல் வாழ்ந்த வானவில் டிரவுட் மீன்களின் வழித்தோன்றல்கள், வழி திறந்ததும் தாமாகவே கடலுக்குப் போய்த் திரும்பின.

தம் முன்னோரின் ஆற்றில் மீன்பிடிப்பதை அணை அகற்றலுக்காக நிறுத்தி வைத்திருந்த லோயர் எல்வா கிளாலம் பழங்குடியினர், 2023 அக்டோபரில் கோஹோ சால்மன் பிடிக்க மீண்டும் அதில் இறங்கினார்கள்.