மீன் தொட்டி பில்ரரில் ஓட்டுத் துண்டுகள்: ஏழு கிழமை அனுபவம்

சென்ற மாசியில் மூன்று நாளுக்குள் ஆறு கப்பி மீன்கள் செத்துப்போயின. பில்ரரில் இருந்த செரமிக் வளையங்கள் பழுப்பேறிக் கிடக்கின்றனவே என்று, அத்தனையையும் குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும்வரை தேய்த்துக் கழுவியிருந்தேன். அந்தப் பழுப்புப் படலத்தில்தான் மீன் கழிவிலிருந்து வரும் நச்சு அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்ரீரியா குடியிருந்தது. தேய்த்ததில் பாதி போக, மிச்சத்தைக் குளோரின் கொன்றிருக்கும்.

எங்கள் பக்கத்தில் அமோனியாவின் தீங்கு இன்னும் மோசம். கிளிநொச்சிக் கிணற்றுத் தண்ணீர் கடினம், கேத்திலுக்குள் வெள்ளையாகப் படியும். என் தொட்டியில் பி.எச் 8, வெப்பம் 30 பாகை. பி.எச் 7இலிருந்து 8க்கு ஏறினால் அமோனியாவின் நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. அதனால், முருகைக்கல் போடு என்று ஒருவர் சொன்னதை விட்டுவிட்டேன். அது சுண்ணாம்பு, இந்தத் தண்ணீருக்குத் தேவையே இல்லை.

புதிதாக எதைப் போடுவது? கருங்கல் சல்லியில் பக்ரீரியா குடியிருக்க நுண்துளை மிகக் குறைவு. செங்கல் ஒன்றை வாளியில் ஊறவைத்தேன், விடியும்போது தண்ணீர் சிவந்திருந்தது. பின்வளவில் குவிந்து கிடந்த பழைய கூரை ஓடுதான் பிடித்தது. நன்றாக வெந்தது, தட்டினால் கணீரென்றது, ஒரு துளி தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சியது. சீமெந்து ஒட்டியவற்றை ஒதுக்கி, மிச்சத்தைப் புளியங்கொட்டை அளவில் உடைத்து, தூள் போகக் கழுவி, வலைப்பையில் கட்டினேன். தண்ணீர் முதலில் ஸ்பொஞ்சில் வடிந்து, அப்புறம்தான் ஓட்டுக்குப் போகும். இல்லாவிட்டால் சேறு துளைகளை அடைத்துவிடும்.

முதல் கிழமை, வவுனியாவில் இருக்கும் மச்சானிடம், அவன் பில்ரரில் பக்ரீரியா ஊறிய பழைய ஸ்பொஞ் கேட்டேன். "கழுவிப் போடாதை மச்சான், அப்பிடியே கொண்டு போ" என்றான். ஈரமாகவே பையில் போட்டு, வாயைக் கட்டாமல் பஸ்ஸில் கொண்டு வந்து பில்ரருக்குள் பிழிந்தேன். தொட்டியில் இரண்டே மீன், சாப்பாடு ஒரு சிட்டிகை.

ஒன்பதாம் நாள் அமோனியா லீற்றருக்கு 1 மில்லிகிராம், நைத்திரைற்று 0.25. பதினாறாம் நாள் அமோனியா இறங்கி, நைத்திரைற்று 2க்கு ஏறியது. தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றினேன். முப்பதாம் நாள் இரண்டும் பூச்சியம். ரெஸ்ற் குழாயை வெளிச்சத்தில் பிடித்து நாலு தரம் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஐந்தாம் கிழமை கரண்ட் மூன்று மணித்தியாலம் போனது. ஓட்டம் நின்றால் பில்ரர்ப் பெட்டிக்குள் ஒட்சிசன் குறைந்து பக்ரீரியாவுக்குப் பாதிப்பு வரலாம். பிறகு மோட்டரைப் போட்டால் அந்தக் கெட்ட தண்ணீர் நேரே மீனுக்குத்தான் வரும். அரை மணித்தியாலம் கழிந்ததுமே வலைப்பையைத் தூக்கித் தொட்டிக்குள் தொங்கவிட்டு, பக்கத்தில் பற்றரி எயார் பம்பை ஓடவிட்டேன். அடுத்த நாள் அமோனியா ஏறவில்லை.

இப்போது ஸ்பொஞ்சைக் கிழமைக்கு ஒருமுறை, தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே பிழிகிறேன். ஓட்டுப் பைகள் இரண்டு. ஓட்டம் குறைந்தால் மட்டும் ஒன்றை எடுத்து அதே வாளியில் இரண்டு தரம் அமிழ்த்துவேன், மற்றதை அந்த மாதம் தொடமாட்டேன்.

நைத்திரேற்று 40இல் நிற்கிறது. அதை உறிஞ்சட்டும் என்று கங்குன் கீரைத் தண்டுகள் நாலைத் தொட்டி விளிம்பில் செருகியிருக்கிறேன். வேர் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது.