பதிவேட்டின் ஓரத்தில் ஒரு வரி

என் மாமியாரின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை, என் கணவர் ஒரு பெட்டியுடன் வீட்டை விட்டுக் கிளம்பினார். அது 2016 செப்டம்பர். நாங்கள் கத்தோலிக்கர். வாசலில் நின்று, "அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு முடிந்துவிட்டது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை.

துக்கத்தில் ஏதோ சொல்கிறார், பத்து நாளில் திரும்பி வருவார் என்றே நம்பினேன். வரவில்லை. 2019-இல் இருவரும் மனமொத்துக் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்றோம். 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் 2001-இல் சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவின் கீழ் அது நடந்தது. மகளின் வளர்ப்புரிமைக்கும் பராமரிப்புச் செலவுக்கும் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்தத் தீர்ப்பு கைக்கு வந்த வாரமே அத்தை வீட்டுக்கு வந்து, "விவாகரத்து வாங்கியவள் இனி நன்மை வாங்கக் கூடாது, ஊர் பேசும்" என்றார். நன்மை என்பது பூசையில் வாங்கும் நற்கருணை அப்பம். நானும் அதுதான் சட்டம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டரை ஆண்டுகள் கோயிலில் தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நற்கருணை நேரத்தில் எல்லோரும் எழுந்து போகும்போது குனிந்து காலணியின் வாரைச் சரிசெய்வேன். முதல் முறை நற்கருணை வாங்கத் தயாராகும் புதுநன்மை வகுப்புக்குப் போகத் தொடங்கிய மகள் ஒருநாள், "அம்மா, நீங்கள் ஏன் போகவில்லை? பாவம் செய்துவிட்டீர்களா?" என்று கேட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் வேலை செய்யும் பள்ளியில் ஒரு வயதான சிஸ்டர் இருந்தார். அவரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "யார் உனக்கு இதைச் சொன்னது? நீ இன்னொருவரைத் திருமணம் செய்துகொண்டாயா? இல்லையே! பிறகு எதற்குத் தள்ளி நிற்கிறாய்?" என்றார். பிரிந்து வாழ்பவர், விவாகரத்துக்கு உள்ளானவர், மறுமணம் செய்யாமல் தம் வாக்குறுதிக்கு உண்மையாக இருந்தால் நற்கருணை முதலிய அருளடையாளங்களைப் பெற எந்தத் தடையும் இல்லை. இதை 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தெளிவாகவே எழுதியிருக்கிறார். சட்டப்பூர்வ உரிமைகளையும் பிள்ளைகளையும் காப்பாற்ற அரசு விவாகரத்து ஒன்றே வழி என்றால் அது குற்றமாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் சொல்கிறது. முந்தைய திருமணப் பிணைப்பு இருக்கும்போதே மற்றொருவருடன் மண வாழ்வு தொடங்குவதுதான் சிக்கல். இந்த வேறுபாட்டை எத்தனை ஊர்களில், எத்தனை பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை! அந்த இரண்டரை ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அடுத்த ஞாயிறு நற்கருணை பெற்றேன். மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

சிஸ்டர் அத்துடன் விடவில்லை. "அவர் வாசலில் என்ன சொன்னார்? மறுபடி சொல்" என்றார். சொன்னேன். "அந்த வாக்கை அவர் எப்போது கொடுத்தார்? திருமணத்துக்கு முன்பா, பின்பா?" அந்தக் கேள்வி அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

இதற்கு முன் ஒரு பங்குத்தந்தையிடம் போயிருந்தேன். "கோயிலில் விவாகரத்து கிடையாது மகளே, சேர்ந்து வாழப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னது உண்மை. "கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்காதிருக்கட்டும்" என்ற ஆண்டவரின் சொல்லை மாற்றத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை. திருமுழுக்குப் பெற்ற இருவர் முறைப்படி மணந்து கூடி வாழ்ந்துவிட்டால், சாவைத் தவிர வேறு எந்த மனித சக்தியாலும் அந்தப் பிணைப்பைக் கலைக்க முடியாது. ஆனால் அந்தப் பிணைப்பு முதலில் உண்டானதா என்று கேட்கலாம், அதைக் கேட்கவே ஓர் ஆயரின் கீழ் வரும் ஒவ்வொரு மறைமாவட்டமும் ஒரு நீதிமன்றத்துக்கு வழி செய்திருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை.

திருச்சபைச் சட்டம் படித்த ஒரு குருவிடம் சிஸ்டர் என்னை அனுப்பினார். அவர் விளக்கியது இன்றும் நினைவிருக்கிறது. தாலியோ மந்திரிப்போ விருந்தோ திருமணத்தை உண்டாக்குவதில்லை. மணமக்களின் சம்மதம்தான் உண்டாக்குகிறது. அந்தச் சம்மதத்தை அவர்களுக்காக வேறு யாரும் கொடுக்க முடியாது, பெற்றோரும்கூட. சாகும்வரை என்று வாய் சொல்லும்போது, உள்ளம் திட்டமாக, "இல்லை, குறிப்பிட்ட நாள் வரைதான்" என்று முடிவு செய்திருந்தால், அங்கே சம்மதம் இல்லை. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1101-ஆம் பிரிவு இது. ஆனால் அதே பிரிவு முதலில் சொல்வது, வாய் சொன்னதும் உள்ளம் நினைத்ததும் ஒன்றே என்று சட்டம் எடுத்துக்கொள்ளும் என்பதை. மாறாக இருந்தது என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். "திருமணம் செல்லும் என்ற பக்கமே சட்டம் நிற்கும். அது உனக்குக் கஷ்டமாக இருக்கும், தயாராக இரு" என்றார்.

திருமணம் செல்லாதது என அறிவிக்கக் கேட்டு அந்த நீதிமன்றத்துக்கு மனு எழுத மூன்று வாரங்கள் ஆயின. திருமுழுக்குச் சான்று, திருமணச் சான்று, அரசு நீதிமன்றத் தீர்ப்பின் நகல், சாட்சிகளின் பெயர்கள் இவையெல்லாம் எளிதாகக் கிடைத்தன. கதையை எழுதுவதுதான் வலித்தது. முதல் தடவை பதினொரு பக்கம் எழுதினேன். பெரும்பாலும் அவர் போன பிறகு நான் பட்ட பாடு. அந்தக் குரு படித்துவிட்டு மெதுவாகத் திருப்பித் தந்தார். "இவையெல்லாம் திருமணத்துக்குப் பின் நடந்தவை. எனக்கு 2013 மே மாதத்தைச் சொல்லுங்கள். கோயிலில் திருமண அறிவிப்பு ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் அவர் எப்படி இருந்தார்? திருமண வகுப்பில் என்ன பேசினார்? அந்தக் காலை பீடத்துக்கு முன் என்ன நடந்தது?"

மறுபடி எழுதும்போதுதான் பலவும் துலங்கின. அவர் கல்லூரிக் காலத்திலிருந்தே ஒரு பெண்ணை விரும்பியிருந்தார். அவளும் கத்தோலிக்கப் பெண்தான், ஆனால் வேறு சாதி. மாமியாருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, "என் கண் மூடும் முன் நம் ஆட்களில் ஒருத்தியைக் கட்டு" என்று மகனிடம் கையடித்து வாங்கினார். ஒரே கிண்ணத்திலிருந்து நற்கருணை வாங்குகிற நாம், கல்யாணம் என்று வந்தால் சாதி பார்க்கிறோம். அந்தப் பாவத்தில் மூன்று பேருடைய வாழ்க்கை உடைந்தது. அந்தப் பெண்ணையும் சேர்த்தே சொல்கிறேன்.

2022 பிப்ரவரியில் மனு ஏற்கப்பட்டது. எதிர்த் தரப்புக்கு அழைப்பு போனது. பதில் சொல்லப் பதினைந்து நாள் அவகாசம். அவர் வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். பிறகு நீதிமன்றம் ஒரே கேள்வியை வகுத்து இருவருக்கும் அனுப்பியது: கணவர் திருமணத்தின் முறிவுபடாத் தன்மையை, அதாவது சாகும்வரை என்பதை, விலக்கிச் சம்மதம் தந்ததால் இத்திருமணம் செல்லாதது என்று நிரூபணமாகிறதா? யார் கெட்டவர், யார் நல்லவர், யார் யாரை ஏமாற்றினார் என்று அதில் ஒன்றும் இல்லை.

விசாரணை ஆயர் இல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறையில் நடந்தது. மேசை, திருவிவிலியம், மின்விசிறி, எழுதுவதற்கு ஒருவர். விவிலியத்தின் மீது கைவைத்து ஆணையிட்டேன். அரசு நீதிமன்றத்தில் இருப்பதுபோல எதிரெதிரே நின்று வாதாடுவது இல்லை. அவர் பேசும்போது நானும், நான் பேசும்போது அவரும் அங்கே இருக்க முடியாது. ஒவ்வொரு சாட்சியும் தனியாக. நான் சொன்னதை வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்கினார்கள். இரண்டு மணி நேரம். "அவர் உங்களை எப்போதாவது அன்பாக நடத்தியதுண்டா?" என்று கேட்டார்கள். உண்டு என்றேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று இரவு கண் விழித்தார். அதை மறைத்தால் நான் இட்ட ஆணை பொய்யாகிவிடும்.

பணம் கொடுத்தால் கிடைக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. என்னிடம் சிறிய செலவுத் தொகை கேட்டார்கள், அதையும் முடியுமா என்று கேட்டுத்தான் வாங்கினார்கள்.

சாட்சியங்கள் எல்லாம் திரண்டதும் வந்து படித்துப் பார்க்கலாம் என்று கடிதம் வந்தது. அதே அறையில் உட்கார்ந்து படித்தேன். அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் ஒப்புக்கொண்டது மட்டும் போதாதாம். அவருக்கும் விடுதலை வேண்டும், அதற்காகவே இப்படிச் சொல்லலாம் அல்லவா? ஆகவே, வழக்கு என்ற நினைப்பே யாருக்கும் வராத காலத்தில் பேசிய பேச்சைத் தேடினார்கள். மாப்பிள்ளைத் தோழனாக நின்ற நண்பர், திருமணத்துக்கு முந்தைய இரவு கடற்கரையில் அவர் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தார்: "அம்மா இருக்கும்வரைதான் இது. பிறகு நான் அவளிடம் போய்விடுவேன்." அந்தப் பெண்ணுக்கு 2013 ஏப்ரலில் எழுதிய ஒரு மின்னஞ்சலிலும் அதே வாக்கு இருந்தது. வாசலில் நான் கேட்ட வாக்குக்கு இன்னொரு பாதி இருந்திருக்கிறது.

நான் பீடத்துக்கு முன் நின்று, "இன்பத்திலும் துன்பத்திலும், உடல் நலத்திலும் நோயிலும், பிரமாணிக்கமாயிருந்து" என்று சொன்னபோது, எனக்குப் பக்கத்தில் நின்றவர் மனத்தில் ஒரு தேதி இருந்தது. தன் தாயின் சாவுத் தேதி.

அந்தக் கோப்பில் என்னை உலுக்கிய பகுதி வேறொன்று. திருமண பந்தத்தின் பாதுகாவலர் என்று ஒருவர் இந்த நீதிமன்றத்தில் உண்டு. 1741-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் ஏற்படுத்திய பொறுப்பு. திருமணம் செல்லும் என்பதற்கு நியாயமாகச் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துரைப்பது அவர் வேலை. எனக்கு எதிராக வாதாடும் ஒருவர் என்ற பயத்தோடுதான் அவருடைய குறிப்பைத் திறந்தேன். மூன்று ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள், குழந்தையை விரும்பிப் பெற்றார்கள், வேளாங்கண்ணிக்கு நடந்து போனார்கள், காய்ச்சலில் கண் விழித்தார், பிரிந்த அன்று கோபத்தில் சொன்னதைத் திருமண நாளின் எண்ணமாகக் கொள்ளலாமா என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். படிக்கப் படிக்கக் கண்ணீர் நிற்கவில்லை. ஆறு ஆண்டுகளாக என் உறவினர் எல்லோரும் அந்தத் திருமணத்தைக் குப்பை என்றே பேசினார்கள், என்மீது கொண்ட அன்பினால்தான். முகம்கூடத் தெரியாத ஒரு குரு மட்டும் அதன் பக்கம் நின்று பேசியிருந்தார்.

அந்த நாட்களில் தாழ்வாரத்தில் அடிக்கடி ஒருவரைப் பார்ப்பேன். நடுத்தர வயது. மனைவி பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்துவிட்டுப் போய்விட்டார். செல்லாமை நிரூபிக்கப்படவில்லை என்று அவருக்குத் தீர்ப்பு வந்தது. மேல் முறையீடு செய்வீர்களா என்று கேட்டேன். "இல்லை அம்மா. நாங்கள் இருவரும் மனதறிந்துதான் சம்மதித்தோம், எனக்கே தெரியும். அப்படியானால் நான் இன்னும் அவளுடைய கணவன்தான்" என்றார். அவருக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். திருச்சபையின் போதனை எளிதானது என்று யாராவது சொன்னால் அந்தத் தாழ்வாரம்தான் நினைவுக்கு வரும். அது பொய் என்று சொன்னாலும் அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

எனக்கு இருந்த பெரிய பயம் மகளைப் பற்றியது. திருமணமே செல்லாது என்றால் அவள் என்ன ஆவாள்? கேட்கவே நாக்கு எழவில்லை. ஒருநாள் துணிந்து கேட்டேன். "ஒரு தரப்பாவது நல்ல மனத்தோடு செய்த திருமணத்தில் பிறந்த பிள்ளை முறையான பிள்ளைதான். 1137-ஆம் பிரிவு. அது மாறவே மாறாது" என்றார் விசாரணைக் குரு. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

2023 ஜூனில் மூன்று நீதிபதிகளின் தீர்ப்பு வந்தது. நிரூபணமாகிறது. முன்பெல்லாம் இரண்டாவது நீதிமன்றமும் இதையே உறுதிசெய்ய வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் செய்த மாற்றத்துக்குப் பிறகு, மேல் முறையீட்டுக்கான பதினைந்து நாள் கடந்தால் ஒரு தீர்ப்பே போதும். மகளுக்கு அவர் செய்ய வேண்டிய கடமைகளை நினைவூட்டி ஒரு பத்தியும் அதில் இருந்தது. இதே பாதையில் நிற்பவர்களுக்கு ஒன்று: இந்தத் தீர்ப்புக்கு அரசுச் சட்டத்தில் மதிப்பு இல்லை. உச்ச நீதிமன்றம் 1996-இலேயே அதைச் சொல்லிவிட்டது, 2017-இல் வந்த பொதுநல மனுவையும் தள்ளிவிட்டது. அரசு நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல், திருச்சபைத் தீர்ப்பை மட்டும் நம்பி மறுமணம் செய்துவிடாதீர்கள்.

எனக்கு மறுமணம் பற்றி இப்போது எண்ணம் இல்லை. பிறகு எதற்கு இத்தனை பாடு என்று அத்தை கேட்டார். அந்தக் காலை பீடத்துக்கு முன் நடந்தது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆகஸ்டில், பனிமய மாதா திருவிழா முடிந்த வாரம், திருமுழுக்குச் சான்று ஒன்று புதிதாக வாங்க என் பிறந்த ஊர்க் கோயிலுக்குப் போனேன். உபதேசியார் 1987-ஆம் ஆண்டுப் பதிவேட்டை இறக்கித் தூசி தட்டினார். என் பெயர், அப்பா அம்மா பெயர், ஞானப் பெற்றோர் பெயர். ஓரத்தில் உறுதிபூசுதல் நாள். அதன் கீழ் 2013 மே மாதத் திருமணக் குறிப்பு. அதை யாரும் அடிக்கவில்லை, அழிக்கவும் இல்லை. அதற்கும் கீழே, இடம் போதாமல் சற்றுச் சாய்வாக, வேறொரு மையில், திருமணம் செல்லாதது என அறிவிக்கப்பட்டது என்று ஒரு வரியும் தேதியும் இருந்தன. உபதேசியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எல்லாவற்றையும் நகலில் எழுதட்டுமா மகளே?" என்று கேட்டார்.

"எழுதுங்கள், எல்லாவற்றையும்" என்றேன்.