பாதியில் போனவனுக்கு யார் வேலை கொடுப்பது?

பெங்களூர் ஐடி ஆபீசுகளில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. சர்வர் படுத்துவிட்டால் மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து ஆர்சிஏ, அதாவது கோளாறின் மூல காரணத்தைத் தேடும் அறிக்கை எழுதுவோம். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, அலர்ட் ஏன் வரவில்லை, இனி வராமல் இருக்க என்ன செய்வது, இவ்வளவுதான். யார் செய்தது என்பதற்கு அதில் இடமே கிடையாது. (அப்ரைசல் சமயத்தில் அது எல்லோருக்கும் தானாக ஞாபகம் வந்துவிடும் என்பது வேறு கதை.) ஆனால் எங்கள் கிறிஸ்தவ சபையில் முதல் கேள்வியே யார் என்பதுதான்.

என் டீமில் ஒரு தம்பி. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், லிங்கராஜபுரத்தில் எங்கள் சபைக்குத்தான் வருவான், வாலிபர் கூட்டத்தில் கீபோர்டு அவன்தான். ஒரு சனிக்கிழமை ராத்திரி டேட்டாபேஸ் மைக்ரேஷன், அதாவது தகவல்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும் வேலை நடுவில், பாதி டேபிள் போய் பாதி போகாமல் நிற்கும்போது, லேப்டாப்பை மூடி, போனையும் அணைத்துவிட்டுப் போய்விட்டான். பயம், வேறொன்றும் இல்லை. நாங்கள் விடிய விடிய உட்கார்ந்து பேக்கப்பிலிருந்து மீட்டோம். திங்கட்கிழமை தலையைக் குனிந்துகொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டான். ஆனால் சபைக்கு வரவில்லை, அடுத்தடுத்த ஞாயிறும் இல்லை. கேட்டால், "ஆபீஸ்ல திட்டுனா தாங்கிக்கலாம் அண்ணா, அங்க எல்லாரும் எனக்காக ஜெபிப்பாங்களே" என்றான்.

சபையில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். "அந்தத் தம்பிக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று ஒருவர் ஆரம்பித்தால் முழு விஷயமும் கூடவே போய்ச் சேர்ந்துவிடும். கடவுள் தனக்குச் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தையும் பாருங்கள். குடியை விட்டு வருஷக்கணக்கானவருக்கு மைக் உண்டு, போன வாரம் குடித்தவருக்கு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பைபிளில், லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் மாற்குவின் கதையை மறுபடி வாசித்தேன். ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லப் போன பவுலோடும் பர்னபாவோடும் கிளம்பியவன் பெர்கேயில் அவர்களை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். ஏன் என்று லூக்கா சொல்லவில்லை. அடுத்த பயணத்துக்கும் அவனைக் கூட்டிப்போகலாம் என்று பர்னபா சொல்ல, பவுல் கூடாது என்கிறார், சண்டை முற்றி இரண்டு பேரும் பிரிந்தே போகிறார்கள். பிரசங்கங்களில் இந்த இடத்தில் பவுலைக் கொஞ்சம் கல்நெஞ்சக்காரர் ஆக்கிவிடுவார்கள். ஒரு டீம் லீடாக எனக்கு அது ஒப்பவில்லை. பெர்கேயைத் தாண்டினால் டாரஸ் மலை, அதற்கும் அப்பால் லீஸ்திராவில் பவுலைக் கல்லெறிந்து, செத்துவிட்டார் என்று நினைத்து ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அப்படிப்பட்ட ரூட்டுக்குப் பாதியில் போகிறவனை எதை நம்பி எடுப்பது? போதாக்குறைக்கு, கொலோசெயர் 4:10-இன்படி அவன் பர்னபாவுக்குச் சொந்தக்காரன் வேறு. சிபாரிசு என்று எந்த ஆபீசிலும் முணுமுணுப்பார்கள்.

ஆனால் பர்னபா செய்த விதம் இருக்கிறதே, அது நல்ல மேனேஜர் செய்வது. அவனைச் சீப்புரு தீவுக்கு, அதாவது இன்றைய சைப்ரசுக்குக் கூட்டிப்போனார். பர்னபாவின் சொந்த மண் அது, மாற்குவும் முதல் பயணத்தில் போய்வந்த இடம். தெரிந்த வழி, கூடவே ஆள். இனி ஓட மாட்டான் என்று உறுதியான பிறகு வேலை கொடுத்ததாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை, ஓடலாம் என்று தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார். பிற்பாடு சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று அதே பவுல் கேட்கிறார். வீட்டில் உட்கார வைத்து மன்னித்துக்கொண்டே இருந்தால் இந்தப் பெயர் வந்திருக்காது.

எங்கள் மேனேஜர் மண்டியாக்காரர், பைபிளைத் திறந்தே பார்க்காதவர். "புரொடக்‌ஷன் வேலையே கொடுங்க, ராத்திரி மட்டும் இன்னொருத்தர் லைன்ல இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார். புரொடக்ஷன் என்றால் வாடிக்கையாளர்கள் நேரடியாகப் பயன்படுத்தும் சிஸ்டம். சபையில் சண்டே ஸ்கூல் நடத்தும் ஒரு பெரியம்மா இருக்கிறார். ஆறுதல் வசனம் எதுவும் அனுப்பாமல் நேராகப் போன் போட்டு, "கேரல்ஸ் வருது, கீபோர்டுக்கு ஆள் இல்ல, நீ வர்றியா இல்லையா?" என்று அதட்டினார். வந்தான். முதல் நாள் பிராக்டீசில் ஸ்கேலைத் தப்பாகப் பிடித்து எல்லோரையும் தவிக்கவிட்டான், யாரும் அவனுக்காக ஜெபிக்கவில்லை.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போது ரிலீசுக்கு முன்னாடியே "அண்ணா, கை நடுங்குது, லைன்ல இருங்க" என்று மெசேஜ் போடுகிறான். முன்பு அதைச் சொல்ல வாயே வராது. ஆவிக்குரிய வளர்ச்சி என்று மேடையில் பேசுவதில் இது சேருமா என்று போதகரைத்தான் கேட்க வேண்டும். ராத்திரி கோளாறு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று சொல்லும் டிசம்பர் ஆன்-கால் பட்டியலில் அவன் பெயரைப் போட்டிருக்கிறேன், கேரல்ஸ் ராத்திரிகளை மட்டும் விட்டுவிட்டு.