ஆடு குட்டி போட்ட கடிதம்

சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். இரண்டு மேசை, ஒரு பிரிண்டர், கீழ்க்கடையிலிருந்து ஏறிவரும் சாம்பிராணி வாசனை. ஏழு வருடம் அங்கே வேலை பார்த்தேன். அதற்கு முன்பு ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் இல்லங்களில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கிருந்து உதவும் சின்ன அமைப்பு, அதற்குக் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். சம்பளத்துக்குச் சம்பளம், புண்ணியத்துக்குப் புண்ணியம் என்று சேர்ந்துவிட்டேன். சம்பளம் குறைவு. புண்ணியக் கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை.

பிள்ளைகளோடு பழகுகிற வேலை என்று தெரிந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நான் பழகியது காகிதத்தோடு. வெளிநாட்டுக் காரியத்துக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்ட வேண்டுமானால் சிங்கப்பூரில் அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். அப்படித் திரட்டியதில் 80 விழுக்காடு இங்கேயே செலவாக வேண்டும் என்பது பொதுவான விதி. அதனால் எங்களிடம் உண்டியலும் கிடையாது, எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் டின் குலுக்குவதும் கிடையாது. உறுப்பினர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். "வரிக்கழிவு உண்டா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் வைத்திருந்தேன். உள்ளூரில் தகுதி பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் இரண்டரை மடங்கு கழிவு, எங்களுக்குக் கொடுத்தால் ரசீது மட்டும். பாதிப்பேர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். மீதிப்பேர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் யோசிக்கிறார்கள்.

இந்தியப் பக்கம் இன்னொரு கதை. முன்பெல்லாம் சென்னையில் ஒரு அறக்கட்டளைக்கு மொத்தமாக அனுப்புவோம், அவர்கள் மூன்று இல்லங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வாங்கும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. நிர்வாகச் செலவு 50 விழுக்காடு வரை போகலாம் என்றிருந்தது 20 ஆனது. 2021இலிருந்து பணம் எந்த ஊருக்கானாலும் முதலில் புதுடில்லியில் உள்ள ஸ்டேட் பேங்கின் பிரதான கிளைக்குத்தான் போக வேண்டும். மூன்று இல்லங்களில் ஒன்றுக்கு மட்டுமே வெளிநாட்டுப் பணம் வாங்கச் சொந்தமாகப் பதிவு இருந்தது. மற்ற இரண்டுக்கும் நாங்கள் எழுதிய கடைசிக் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். எத்தனை பணிவாக எழுதினாலும் அது கையை விரிக்கிற கடிதம்தான். பதிவு இருந்த இல்லத்துக்கும் முதல் தவணை மூன்று வாரம் அந்தரத்தில் நின்றது. பதிவில் ஊர்ப்பெயருக்கு ஒரு 'எச்' கூடுதல், வங்கியில் அது இல்லை.

"என் 50 வெள்ளியில் பிள்ளைக்கு என்ன வாங்கினீங்க?" என்பது மாதாமாதம் வரும் கேள்வி. வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். உண்மையைச் சொன்னால் சிலருக்குச் சப்பென்று போகும். அரசுப் பள்ளியில் புத்தகமும் சீருடையும் இலவசம். மதியச் சாப்பாடு எப்போதோ வந்தது, தொடக்கப் பள்ளிகளில் 2022லிருந்து காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. பஸ் பாஸ் உண்டு, பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு. அப்படியானால் எங்கள் பணம் எதற்கு? சாயங்காலம் கணக்குச் சொல்லித்தர வரும் ஆசிரியைக்கு. கல்லூரி விண்ணப்பத்துக்கு, விடுதி முன்பணத்துக்கு, சொத்தைப் பல் பிடுங்க. எல்லாவற்றுக்கும் மேலாக வார்டன் அம்மாவின் சம்பளத்துக்கு. வார்டனுக்குக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. இருபது பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் அம்மை போட்டால் ராத்திரி விழித்திருப்பது யார் என்று நான் கேட்டதில்லை, கேட்டிருக்கலாம்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன்.

வருடத்துக்கு இரண்டு முறை பிள்ளைகள் நன்கொடையாளருக்கு எழுத வேண்டும். வாட்ஸ்ஆப்பில் படமெடுத்து அனுப்புவார்கள், நான் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பேன். வார்டன் அம்மா கரும்பலகையில் மாதிரிக் கடிதம் எழுதிப்போட, பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். "நான் இங்கு நலம். நீங்கள் அங்கு நலமா? நான் நன்றாகப் படிக்கிறேன்." அறுபது கடிதத்திலும் இதேதான். ஒரு பையன் "நான் ........ வகுப்பு படிக்கிறேன்" என்று புள்ளிகளையும் சேர்த்து அப்படியே எழுதியிருந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முகம் தெரியாத ஒருவருக்கு நன்றி எழுது என்று எனக்கு யாராவது எட்டாம் வகுப்பில் சொல்லியிருந்தால் நானும் புள்ளிதான் வைத்திருப்பேன்.

அந்தக் கடிதக் கட்டுக்குள் ஒரு பெண்ணின் கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஏழாம் வகுப்பு. "ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். காம்பஸ் முள் மொக்கையாக இருக்கிறது, வட்டம் சறுக்குகிறது. லீவுக்கு ஆயா வீட்டுக்குப் போனேன். ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று பால் குடிக்கவில்லை. நான் பாட்டிலில் கொடுத்தேன்." நலம் விசாரிப்பு இல்லை, நன்றி இல்லை. கடைசியில் "இப்படிக்கு" மட்டும் பெரிதாக, அடிக்கோடு போட்டு.

இதை எப்படி அனுப்புவது என்று யோசித்தேன். அந்த வருடம் ஆறேழு நன்கொடையாளர்கள் நின்றுபோயிருந்தார்கள். ஆட்டுக்குட்டியை ஒரு வரியில் சுருக்கினேன். காம்பஸ் முள்ளை எடுத்துவிட்டேன், குறை சொல்வது போல இருந்தது. கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன்: எனக்கென்று யாருமில்லை, நீங்கள்தான் என் குடும்பம். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது கூச்சமாகக்கூட இல்லை.

அவளுக்கு அம்மா உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அப்பா இறந்த பிறகு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வழியில்லாமல் இல்லத்தில் சேர்த்தவர். எங்கள் கோப்பில் அவள் 'அனாதை' என்ற கட்டத்தில்தான் இருந்தாள். யுனிசெஃப் கணக்குப்படி தாய் தந்தையில் ஒருவரை இழந்திருந்தாலும் அந்தக் கட்டம்தான், படிவத்தில் தவறில்லை. ஆனால் தமிழில் அந்தச் சொல்லைக் கேட்பவர் அப்படியா புரிந்துகொள்வார்? எங்கள் பட்டியலில் பெரும்பாலானோருக்கு அம்மாவோ அப்பாவோ எங்கேயோ கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு உதவியவர் தோ பாயோவில் இருக்கும் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். குலதெய்வக் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போனவர், முன்அனுமதி வாங்கி இல்லத்துக்கும் போயிருக்கிறார். வார்டன் அம்மா பக்கத்தில் இருக்க, பிள்ளையிடம், "யாருமில்லைன்னு நினைக்காதம்மா, தாத்தா இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார். அவள் வார்டனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு அம்மா இருக்காங்களே" என்றாளாம்.

திரும்பி வந்த வாரமே எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். படி செங்குத்து. மூச்சு வாங்கி முடியும்வரை பேசவில்லை.

"அந்தப் புள்ளைக்கு அம்மா இருக்காங்கம்மா."

"தெரியும் ஐயா."

"அப்புறம் ஏன் யாருமில்லைன்னு எழுதுச்சு?"

சின்னப் பிள்ளைதானே ஐயா, ஏதோ எழுதியிருக்கும். இந்த வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். எழுந்து போய் கோப்பை எடுத்து, அசல் கடிதத்தின் பிரதியை அவர் முன்னால் வைத்தேன். "அந்த ரெண்டு வரி நான் எழுதினது ஐயா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். தடுமாறவே இல்லை. உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். 1982இல் மூடப்பட்ட தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி அது. இத்தனை நாள் அவருக்கு ஏன் ஆங்கிலத்தில் அனுப்பினோம்? படிவத்தில் 'ஆங்கிலம்' என்றே அச்சடித்திருந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை, நானும்தான்.

பாட்டில் பால் வரியில் சிரித்தார். "இதையாம்மா எடுத்தீங்க?" என்றார். திட்டியிருந்தால் தேவலை. போகும்போது, இனிமேல் பிள்ளை எழுதியதையே தரச் சொன்னார். நல்ல காம்பஸ் எங்கே கிடைக்கும் என்றும் கேட்டார். பிராஸ் பாசா கட்டடத்துக்குப் போகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் அசலையும் சேர்த்து அனுப்பினோம். மாதிரிக் கடிதம் எழுதிப் போட வேண்டாம் என்று வார்டன் அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப ரெண்டு வரிதாம்மா எழுதும்" என்றார். அப்படித்தான் வந்தது. சில நன்கொடையாளர்களுக்குப் பிடிக்கவில்லை, இருவர் நிறுத்தினார்கள்.

அவர் அவளுக்குக் கையால் பதில் எழுதினார், காம்பஸோடு. ஒரு மாதத்தில் அவளிடமிருந்து சந்தேகம் வந்தது: "நீங்கள் ஒரு எழுத்தை யானைத் துதிக்கை மாதிரி போட்டிருக்கிறீர்கள். எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. தமிழ் மிஸ் பழைய 'லை' என்றார்கள்." தமிழ்நாட்டில் 1978இல் மாறிய எழுத்து. அவர் கை அதற்கு முன்பே பழகியது, மாறவில்லை. மிஸ் கரும்பலகையில் எழுதிக் காட்டினாராம், வகுப்பே எழுதிப் பார்த்ததாம்.

அடுத்த கடிதத்தை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, உறையில் போட்டால் போதும். ஆனாலும் படித்தேன். வட்டம் இப்போது சறுக்குவதில்லை. குட்டி பெரிதாகிவிட்டது, இலை தின்கிறது. அந்த 'இலை'யில் மட்டும் பழைய லை போட்டிருந்தாள், துதிக்கை கொஞ்சம் நீளமாக.