முகவரி தப்பிய மறியல்

2003ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வங்கிக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி மொத்தமாகக் கணக்குப் போட ஓடும் கணினி வேலைகள் (பேட்ச் ஜாப்கள்) முடிந்ததும், காலையில் கணக்கு இடிக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. இந்த வேலையில் இருப்பவனுக்கு ஊர்வலங்கள் மேல் சந்தேகம் வராமல் இருக்காது. மேடையில் ஒரு எண், போலீஸிடம் ஒரு எண், மறுநாள் பேப்பரில் வேறொன்று. 'லட்சோப லட்சம்' என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம்.

பிப்ரவரி 16ஆம் தேதி இராக் போரை எதிர்த்து அங்கே பெரிய ஊர்வலம் நடந்தது. அதிசயமாக, நடத்தியவர்களும் போலீஸும் ஒரே எண்ணைச் சொன்னார்கள்: 2 லட்சம். எனக்கு அந்த ஒற்றுமையே உறுத்தியது. கிரானிக்கிள் பத்திரிகை விமானத்திலிருந்து படமெடுக்க வைத்து எண்ணிப் பார்த்தது. கூட்டம் உச்சத்தில் இருந்த நேரத்தில் சுமார் 65,000 பேர்தான்.

எங்கள் ப்ராஜெக்டில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் அம்மா ஒருவர் அந்த ஊர்வலத்துக்குப் போயிருந்தார். அந்தப் பேப்பரை அவரிடம் ஆசையாக நீட்டினேன். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், அமெரிக்கர். படித்துவிட்டு, "இது சாயங்கால இருப்பு. நாள் முழுக்க எத்தனை பேர் பணம் போட்டு எடுத்தார்கள் என்று இதில் தெரியுமா?" என்றார். வங்கியில் வேலை செய்கிறவனிடம் வேறென்ன சொல்லி வாயை அடைக்க முடியும்? ஆனால் இன்னொன்றும் உண்டு. அந்த வாரமே அதிபர் புஷ்ஷிடம் ஊர்வலங்களைப் பற்றிக் கேட்டபோது, கூட்டத்தின் அளவைப் பார்த்து முடிவெடுப்பது, பத்துப் பேரை உட்காரவைத்துக் கருத்துக் கேட்டுக் கொள்கை வகுப்பது மாதிரி என்கிற தோரணையில் தள்ளிவிட்டார். அவருக்கு 65 ஆயிரமும் ஒன்றுதான், 2 லட்சமும் ஒன்றுதான்.

மார்ச் 19 ராத்திரி இராக் மேல் குண்டுவீச்சு தொடங்கியது. மறுநாள் வியாழன் காலை, மாண்ட்கமரி ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறி வந்தால் மார்க்கெட் தெருவில் வண்டி ஓடவில்லை. சந்திப்புக்குச் சந்திப்பு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கைகளைக் குழாய்க்குள் விட்டு, உள்ளே சங்கிலியால் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். அறுக்காமல் பிரிக்க முடியாது. பச்சைத் தொப்பி போட்ட சட்ட உதவிக்காரர்கள் ஓரமாக நின்று யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கையில் வக்கீல் நம்பரை மார்க்கரால் எழுதியிருந்தது. எந்தக் குழுவுக்கு எந்தச் சந்திப்பு என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டார்களாம். எங்கள் மென்பொருள் ரிலீஸ் எதுவும் அவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

ப்ராஜெக்டில் இருந்த திருநெல்வேலி அண்ணன் போனில் பிடித்துவிட்டார். "ஏல, ஓரமா நின்னு வேடிக்கை பாரு. போலீஸ் அள்ளிட்டுப் போனா, சும்மா நின்னேன்னு சொன்னா எவன் நம்புவான்? விசா போயிரும்." ஓரமாகவே நின்றேன். நம் ஊர் மறியலில் கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விட்டுவிடுவார்கள். இங்கே பிளாஸ்டிக் பட்டையால் கையைக் கட்டி பஸ்ஸில் ஏற்றினார்கள். அன்று ஒரே நாளில் பிடிபட்டவர்கள் 1,300க்கும் மேல்.

என் கேள்வி ஒன்றுதான்: இந்த ஊரை எதற்கு மறிக்க வேண்டும்? 2002 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் போருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் வந்தபோது, இந்த நகரத்தின் பிரதிநிதி நான்சி பெலோசி எதிர்த்து ஓட்டுப் போட்டவர். செனட்டில் 77க்கு 23 என்று அது நிறைவேறியபோது இந்த மாநிலத்தின் செனட்டர் பார்பரா பாக்ஸரும் எதிர்த்தார். எங்கள் பக்கத்தில் ஆதரித்தது மாநிலத்தின் இன்னொரு செனட்டர் டயேன் ஃபைன்ஸ்டைன் மட்டும். அவர் அலுவலகத்தை வேண்டுமானால் முற்றுகையிடட்டும். போலீஸுக்கு ஓவர்டைம் கொடுத்தது நகரத்தின் கஜானா, பென்டகன் இல்லை. தெருவோரக் காபிக்காரருக்கு அன்றைய வியாபாரம் போனது. போர் ஒரு மணி நேரம்கூடத் தாமதமாகவில்லை. ஏப்ரல் 9ல் பாக்தாத் விழுந்தது.

இதையெல்லாம் டெஸ்டர் அம்மாவிடம் கொட்டினேன். "வழக்கம்போல ஆபீஸ் நடந்திருந்தால் உனக்கு வெட்கமாக இருந்திருக்காதா?" என்றார். இல்லை என்றேன். ஜாப் ஃபெயிலானால் எனக்குத்தானே போன் வரும்.

மறியல் நடந்த இடங்களில் பீல் தெருவின் பெக்டெல் தலைமை அலுவலகமும் ஒன்று. கட்டுமான கம்பெனிக்கும் போருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று பலரும் சிரித்தோம். அதன் இயக்குநர் குழுவில் இருந்தவர் ரீகன் காலத்து வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ். போருக்கு வெளிப்படையாக வக்காலத்து வாங்கியவர். ஏப்ரல் 17ஆம் தேதி, இராக் மறுகட்டுமானத்துக்கு 68 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒப்பந்தம் பெக்டெலுக்குக் கிடைத்தது. செய்தியை அச்செடுத்து என் கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார் அந்த அம்மா. சரி, அந்த வாசலில் உட்கார்ந்தவர்கள் மட்டும் கதவு பார்த்துத்தான் தட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன். 2004 நவம்பரில், படைகளைத் திரும்ப அழைக்கச் சொல்லும் தீர்மானத்தை சான் ஃபிரான்சிஸ்கோ மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள். அதே தேர்தலில் புஷ் மறுபடி ஜெயித்தார். இரண்டையும் ஒரே மெயிலில் எழுதி, 'மறியல் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?' என்று டெஸ்டர் அம்மாவுக்கு அனுப்பினேன்.

"பெக்டெலை விட்டுவிட்டாயே" என்று பதில் வந்தது.